டாட்ஜ் வைத்த தீ



போன மாதம் பனாமா கால்வாய் பற்றி எழுதிய பதிவைப் பார்த்துவிட்டு, "சார், அடுத்த பதிவைக் கொஞ்சம் சின்னதா எழுதுங்க" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். மன்னிக்கவும், இதுவும் நீளம்தான். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். ஒரு பத்து நிமிடம் பொறுக்க மாட்டீர்களா? கடைசிவரை படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

2018 மார்ச் மாதம் குரங்கணி மலையில் மலையேறப் போன பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புல் மூடிய செங்குத்தான சரிவு. கீழிருந்து மேலே ஏறிய தீ. அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அப்போது என் மகள் ஒரு புத்தகம் வாங்கி அனுப்பினாள். நார்மன் மக்லீன் என்ற அமெரிக்கர் எழுதிய 'யங் மென் அண்ட் ஃபயர்'. அவரும் என்னைப்போல ஓய்வுபெற்ற ஆசிரியர்தான், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தியவர். அந்தப் புத்தகம் சொல்லும் சம்பவம்தான் இன்றைய பாடம்.

சம்பவம் நடந்தது 1949 ஆகஸ்ட் 5 அன்று. இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். அங்கே மிசௌரி ஆறு மலைகளைப் பிளந்துகொண்டு போகும் இடத்துக்கு 'கேட்ஸ் ஆஃப் தி மவுண்டன்ஸ்', அதாவது மலைகளின் வாசல், என்று பெயர். 1805இல் அந்த ஆற்றில் படகேறிப் போன லூயிஸ் வைத்த பெயர் அது. (லூயிஸ் – கிளார்க் பயணம் ஒன்பதாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மறந்திருப்பீர்கள்.) ஆற்றின் கரையிலிருந்து மலைக்குள் ஏறிப் போகும் சிறு பள்ளத்தாக்குகளில் ஒன்று மான் கல்ச். சாலை கிடையாது, வண்டி போகாது. ஒரு பக்கச் சரிவில் அடர்ந்த மரங்கள். எதிர்ப்பக்கச் சரிவில் முழங்கால் உயரக் காய்ந்த புல்.

முந்தைய நாள் அந்தப் பகுதியில் இடியும் மின்னலும் வந்துபோயின. மழை பேருக்குத்தான். முகட்டில் ஒரு மரத்தில் மின்னல் இறங்கி, உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்திருக்கிறது. மறுநாள் அருகிலுள்ள ஹெலனா நகரில் 97 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். நம் ஊருக்கு அது சாதாரணம், அந்த ஊருக்கு அது கொளுத்தும் வெயில். நண்பகலில் புகை கண்ணில் பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். மின்னலில் பிடித்த தீயை அதன் போக்கில் எரியவிடலாமே, ஆள் அனுப்பி அணைக்க வேண்டிய அவசியம் என்ன?

அதற்குக் காரணம் 1910. அந்த ஆகஸ்டில் இடாஹோ, மொன்டானா மலைகளில் இரண்டே நாளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானோர் தீயணைக்கப் போனவர்கள். அந்த அடி அமெரிக்க வனத்துறையின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. 1935இல் ஒரு விதி போட்டார்கள். எங்கே தீ பிடித்தாலும், தகவல் கிடைத்த மறுநாள் காலை 10 மணிக்குள் அது கட்டுக்குள் வந்துவிட வேண்டும். யாரும் குடியிருக்காத காடாக இருந்தாலும் சரி, மனிதன் வைத்த தீயாக இருந்தாலும் மின்னல் வைத்த தீயாக இருந்தாலும் சரி.

விதி போட்டாகிவிட்டது. சாலை இல்லாத மலைக்கு மறுநாள் காலைக்குள் எப்படிப் போவது? விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பதுதான் வழி என்று முடிவு செய்தார்கள். 1940இல் இடாஹோவில் இருவர் முதன்முதலாகத் தீயணைக்கக் குதித்தார்கள். இவர்களுக்கு 'ஸ்மோக் ஜம்ப்பர்' என்று பெயர். கோடரி, மண்வெட்டி, ரம்பம் எல்லாம் தனி பாராசூட்டில் இறங்கும். தீ சிறிதாக இருக்கும்போதே சுற்றிலும் புல்லையும் சருகையும் வெட்டி அகற்றித் தடுப்புக் கோடு போட்டுவிடுவார்கள். தீக்கு இரை கிடைக்காமல் அடங்கிவிடும். ஒன்பது வருடங்களில் ஒரு ஸ்மோக் ஜம்ப்பர்கூடத் தீயில் இறந்ததில்லை. அந்தப் பெருமை அவர்களுக்கு இருந்தது. அதுவே ஒருவகையில் ஆபத்தாகவும் ஆனது என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்ட் 5 பிற்பகல் மிசௌலா நகரிலிருந்து சி-47 விமானம் ஒன்று 16 பேருடன் கிளம்பியது. ஒருவருக்குக் காற்றின் குலுக்கலில் குமட்டல் தாங்காமல் குதிக்கவில்லை, விமானத்திலேயே திரும்பிவிட்டார். 15 பேர் நான்கு மணி சுமாருக்கு இறங்கினார்கள். இறங்கியவர்களில் சிலர் போருக்குப் போய் வந்தவர்கள், பலர் கோடை விடுமுறையில் வேலைக்கு வந்த கல்லூரிப் பையன்கள். ஒருவருக்கு அன்றுதான் 19ஆவது பிறந்தநாள். ராபர்ட் சாலி என்பவருக்கு 17 வயதுதான். தலைவர் வாக்னர் டாட்ஜ், வயது 33.

இறங்கியவுடன் ஒரு கெட்ட சகுனம். வயர்லெஸ் கருவி கட்டியிருந்த பாராசூட் விரியவில்லை. கருவி சுக்குநூறானது. வெளியுலகத்தோடு தொடர்பு போய்விட்டது. ஆனாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தீ எதிர்ச் சரிவின் உச்சியில்தானே எரிகிறது, ராத்திரி முழுக்க வேலை செய்தால் காலையில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் தனியாளாகத் தீயோடு போராடிக்கொண்டிருந்தார். ஜிம் ஹாரிசன், வயது 20. பக்கத்துப் பள்ளத்தாக்கில் முகாம் காவலர். இவரும் முன்பு ஸ்மோக் ஜம்ப்பராக இருந்தவர்தான். அந்த வேலை ஆபத்தானது என்று விட்டுவிட்டு, பத்திரமான வேலைக்கு வந்தவர். விதி அவரை அங்கேயே கொண்டுவந்து நிறுத்தியது.

டாட்ஜ் போய் ஹாரிசனைச் சந்தித்தார். தீயைக் கிட்டத்தில் பார்த்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. அடர்ந்த மரங்களுக்குள் ஆட்களை வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்து, உதவித் தலைவர் ஹெல்மனிடம் எல்லோரையும் எதிர்ப்பக்கப் புல் சரிவு வழியாக ஆற்றை நோக்கி நடத்திப் போகச் சொன்னார். ஆற்றங்கரை போய்விட்டால் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கும், தைரியமாக வேலை செய்யலாம். சரியான யோசனைதான்.

ஆனால் 5.45 மணி வாக்கில், முன்னால் போய்க்கொண்டிருந்த டாட்ஜ் ஒன்றைக் கண்டார். தீ பள்ளத்தாக்கைத் தாண்டி இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில், 200 கெஜம்கூட இல்லாத தூரத்தில், தீ. அதுவும் அவர்களை நோக்கி மேலேறிக்கொண்டு.

அறிவியல் ஆசிரியரைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். எரியும் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், சடசடவென்று விரல்வரை வந்துவிடும். மலைச் சரிவும் அப்படித்தான். கீழே எரியும் தீ, மேலே இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு உண்டு. மனிதனுக்கோ நேர் எதிர். சரிவு கூடக் கூட அவன் வேகம் குறையும். மான் கல்ச்சில் அந்தச் சரிவு சில இடங்களில் 37 டிகிரி. காற்று வேறு ஆற்றுப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி வீசியது.

டாட்ஜ் எல்லோரையும் திருப்பி முகட்டை நோக்கி ஏறச் சொன்னார். ஏன் என்று விளக்கவில்லை. விளக்க நேரமும் இல்லை. வரிசையில் பின்னால் இருந்த பலருக்குத் தீ கண்ணிலேயே படவில்லை, தலைவர் திரும்பிவிட்டார் என்பது மட்டும்தான் தெரியும்.

5.53க்குக் கருவிகளைக் கீழே போடச் சொன்னார். சிலர் போட்டார்கள். சிலர் முன்பே போட்டிருந்தார்கள். சிலர் போடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒரு மண்வெட்டியை எறிய மனம் வராமல், பைன் மரம் ஒன்றில் சாய்த்து வைத்தார்களாம். ஹாரிசனோ மதியத்திலிருந்து தீயோடு போராடிக் களைத்து, முதுகில் கனமான பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓடியவர்கள் பார்த்த கடைசிக் காட்சி அது.

கருவியைப் போடு என்றால் ஏன் போட மறுக்கிறான் மனிதன்? நான் நிறைய யோசித்தேன். தீயணைப்பவன் கையில் மண்வெட்டி இருந்தால் அவன் தீயணைப்பவன். அதைப் போட்டுவிட்டால், உயிருக்குப் பயந்து ஓடும் ஒரு பையன், அவ்வளவுதான். அந்த மாற்றத்தை மனம் அவ்வளவு சீக்கிரம் ஏற்பதில்லை.

இரண்டு நிமிடம் கழித்து டாட்ஜ் நின்றார். தீ முதுகில் சுடும் தூரத்துக்கு வந்துவிட்டது. முகடு இன்னும் தூரம். ஓடிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து தீக்குச்சியை எடுத்தார். தனக்கு முன்னால் இருந்த புல்லில் தீ வைத்தார்!

அந்தத் தீ மேல்நோக்கி எரிந்துகொண்டே போனது. பின்னால் கரிந்த தரை மிச்சமானது. டாட்ஜ் அந்தச் சாம்பலுக்குள் நடந்து போய், எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிக் கூவினார், கையசைத்தார். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு எளிய விஷயம். எரிந்து முடிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றுமில்லை. பெரிய தீ வரும்போது இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஒருவரும் வரவில்லை.

அதெல்லாம் வேண்டாம், நான் போகிறேன் என்ற பொருளில் யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. எல்லோரும் அவரைக் கடந்து ஓடினார்கள். உயிர் தப்பிய இருவரும் பின்னாளில் சொன்னது இதுதான்: தலைவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தோம். பின்னால் ஒரு தீ துரத்துகிறது, இந்த மனிதர் முன்னால் இன்னொரு தீ வைக்கிறார். வேறு என்ன நினைப்பார்கள்?

டாட்ஜ் தண்ணீர்க் குடுவையில் நனைத்த கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு சாம்பலில் குப்புறப் படுத்தார். பெருந்தீ அவரைச் சுற்றிக் கடந்தபோது, அதன் காற்று அவரைத் தரையிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்தார். பெரிய காயம் எதுவும் இல்லை.

சாலியும் வால்டர் ரம்சியும் முகட்டின் பாறைச் சுவரில் ஒரு பிளவைக் கண்டு அதன் வழியே மறுபக்கம் போய், கற்குவியல் ஒன்றின் நடுவில் நின்று பிழைத்தார்கள். மற்றவர்களில் 11 பேர் அந்தச் சரிவிலேயே போய்விட்டார்கள். ஹெல்மன் உட்பட இருவர் தீக்காயத்துடன் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்கள். ஹாரிசனையும் சேர்த்து மொத்தம் 13 பேர். அந்தத் தீயை அடக்க அதன்பிறகு 450 பேருக்கு ஐந்து நாள் ஆனது. மறுநாள் காலை 10 மணி என்ற விதி என்னவாயிற்று என்று பாருங்கள்.

விசாரணை நடந்தது. டாட்ஜ் சொன்னதைக் கேட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று விசாரணைக் குழு சொன்னது. பெற்றோர் சிலருக்கு அது ஆறவில்லை. டாட்ஜ் வைத்த தீதான் பிள்ளைகளின் வழியை மறித்துக் கொன்றது என்று ஒரு தந்தை கடைசிவரை வாதாடினார். அவரே வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழக்கு வெற்றி பெறவில்லை. டாட்ஜ் அதிக நாள் இருக்கவில்லை. 1955இல் புற்றுநோயில் இறந்தார்.

இந்த உத்தியை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று விசாரணையில் டாட்ஜிடம் கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, அந்த நேரத்தில் தோன்றியது என்றார். ஆனால் புல்வெளிகளில் வாழ்ந்த பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த காரியம்தான் அது. தீயணைப்புப் பயிற்சியில் அது இல்லை. பூர்வகுடிகளிடம் போய்க் கேட்கும் பழக்கம் துறைகளுக்கு எந்த நாட்டிலும் இல்லைபோலும்.

மக்லீன் இளவயதில் அதே மலைகளில் வனத்துறை வேலை பார்த்தவர். மான் கல்ச் அணையாமல் புகைந்துகொண்டிருந்தபோதே போய்ப் பார்த்தவர். ஓய்வு பெற்றபின், 70 வயதுக்கு மேல், சாலியையும் ரம்சியையும் அழைத்துக்கொண்டு அந்தச் சரிவில் மறுபடி ஏறி, யார் எங்கே நின்றார்கள், எங்கே விழுந்தார்கள் என்று அளந்தார். 1990இல் இறந்தார். புத்தகம் 1992இல்தான் வந்தது. ஓய்வு பெற்றபின் என்ன செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இனி இவரைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

சரி, இந்தச் சாவுகளிலிருந்து ஏதாவது கற்றார்களா? கற்றார்கள், மெதுவாக. 1957இல் தீயணைப்பவர்களுக்கான பத்து நிலையான கட்டளைகள் வந்தன. 1960இல் மிசௌலாவில் தீ எப்படி நகர்கிறது என்று ஆராயத் தனி ஆய்வகம் கட்டினார்கள். டாட்ஜ் கண்டுபிடித்த உத்தி பயிற்சியில் சேர்ந்தது. 1978இல் 10 மணி விதியையே கைவிட்டார்கள். யாரும் குடியிருக்காத மலைக்காட்டில் மின்னல் வைத்த தீ பலசமயம் காட்டுக்கு நல்லதையே செய்கிறது, சருகை எரித்து இடத்தைச் சுத்தமாக்குகிறது, ஒவ்வொரு சிறு தீயையும் அணைத்து அணைத்துச் சருகைச் சேர்த்து வைத்தால் ஒருநாள் பெருந்தீயாக வரும் என்று உணர்ந்தார்கள். இப்போது அப்படிப்பட்ட தீ ஒன்று பிடித்தால், முதலில் கேட்கும் கேள்வி வேறு: அங்கே ஆள் அனுப்பத்தான் வேண்டுமா? வேண்டாமென்றால் தூரத்திலிருந்து கண்காணித்து, எந்த எல்லையைத் தாண்டினால் தடுப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டு எரியவிடுகிறார்கள்.

ஆனாலும் 1994 ஜூலையில், கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில், அதே கதை மறுபடி நடந்தது. மின்னல் வைத்த சிறு தீ, செங்குத்துச் சரிவு, திடீர்க் காற்று. 14 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் கருவியையும் பையையும் விடாமலே ஓடியிருக்கிறார்கள். 45 வருடப் பாடம் புத்தகத்தில் இருந்தது, கைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் சம்பவத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் யார் தெரியுமா? ஜான் மக்லீன், நார்மன் மக்லீனின் மகன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். டாட்ஜ் சரியாகச் சொன்னார். ஏன் ஒருவர்கூடக் கேட்கவில்லை?

1910 தீயில் எட் புலாஸ்கி என்பவர் சுமார் 45 பேரை ஒரு பழைய சுரங்கத்துக்குள் அழைத்துப் போய், வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்தினார். ஐந்து பேர் தவிர மற்றவர்கள் பிழைத்தார்கள். சுரங்கம் என்றால் எவனுக்கும் புரியும். தீக்குள் வா என்றால்? அது புரிவதற்கு, அதைச் சொல்பவர்மேல் முன்கூட்டியே நம்பிக்கை இருக்க வேண்டும். டாட்ஜ் அதிகம் பேசாத மனிதர். அந்தப் பையன்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவரும் அல்ல. அவர்களுக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் அவர்களைத் தெரியாது. ஐம்பது வினாடியில் கட்டளை போடலாம். நம்பிக்கையை உண்டாக்க முடியாது.

இதைப் படித்த இரவு எனக்கு 1991 ஞாபகம் வந்தது.

அந்த வருடம் பத்தாம் வகுப்பை மலையடிவார ஆற்றுக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் சருகும் சுள்ளியும் வரத் தொடங்கின, நிறம் மாறியது. மேலே மழை பெய்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. "ஏறுங்கடா மேலே!" என்று கத்தினேன். பாதிப் பேர் ஏறினார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தண்ணீர் அடித்தார்கள். ஏன் தெரியுமா? நான் எல்லாவற்றுக்கும் கத்துகிற வாத்தியார். பெஞ்சு நகர்ந்தாலும் கத்துவேன், பேனா விழுந்தாலும் கத்துவேன். அன்றைய கத்தலும் அவர்களுக்குத் தினசரிக் கத்தல்தான். வெள்ளம் வந்தால் தண்ணீர் எப்படி மாறும் என்று குளிக்கவிடும் முன் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒருவன் பாறையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். வேட்டிகளை முடிச்சுப் போட்டு இழுத்தோம். கடவுள் புண்ணியத்தில் கரையேறினான். ஏறியவனை நான் என்ன செய்தேன்? சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று எல்லோர் முன்பும் அடித்தேன். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளையை.

27 வருடம் அவன்தான் தப்பு செய்தான் என்று நினைத்திருந்தேன். அந்த 13 பையன்களின் கதையைப் படித்தபின்தான் வேறு மாதிரி தோன்றியது. பேச்சைக் கேட்காதது அவன் தப்பு என்றால், கேட்கும்படியான ஆசிரியராக நான் இல்லாதது யார் தப்பு?

பெயர் சொல்ல மாட்டேன். அவன் இப்போது நல்ல நிலையில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என் பதிவுகளுக்கெல்லாம் தவறாமல் வணக்கம் போடுகிறான். தம்பி, இதைப் படித்தால் ஒருமுறை போன் செய். மன்னிப்பு என்ற சொல்லை நேரில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் கூச்சமாக இருந்தது. இன்று எழுதிவிட்டேன்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள், அலுவலகத்தில் நாலு பேருக்கு மேலே இருப்பவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். ஏன் என்று கேட்டால் எரிச்சல் படாதீர்கள். சாதாரண நாளில் சொல்லிவிடுங்கள். அவசரத்தில் சொல்ல நேரம் இருக்காது.

மான் கல்ச் சரிவில் இன்றும் 13 நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன, ஒவ்வொருவரும் விழுந்து கிடந்த இடத்திலேயே. சில முகட்டுக்கு மிக அருகில் இருக்கின்றனவாம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்